பூட்டு யாருக்கு? எல்லைப்புறத் தமிழரும் அரசின் கோப்புறைகளும்

அரசு இணையதளம் ஒன்றில் எளிய மக்களின் ஆதார் எண்களும் வங்கிக் கணக்குகளும் கேட்பாரற்றுக் கிடந்தன என்ற செய்தி வெளிவரும்போதெல்லாம் மறுநாளே ஒரே விடைதான் வருகிறது: அந்தக் கோப்புறைக்குக் கடவுச்சொல் போட்டாயிற்று. அத்துடன் விவாதம் முடிகிறது. கோப்புறை எத்தனை ஆண்டு திறந்து கிடந்தது, யார் யார் அள்ளிச் சென்றார்கள், உரியவருக்குத் தகவல் போயிற்றா, அந்த விவரங்கள் அங்கே எதற்காகக் குவிக்கப்பட்டன என்ற நான்கு கேள்விகளும் பூட்டின் ஓசையில் அமுங்கிப் போகின்றன. கண்கெட்ட பிறகு செய்யும் சூரிய நமஸ்காரம் இது. அதைச் சாதனையாக அறிவிப்பது அதைவிடக் கேடு.

இந்தக் கேட்டை முழுமையாகச் சுமப்பவர்கள் தலைநகரங்களில் இல்லை. பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் அட்டப்பாடியிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் இருக்கிறார்கள். ஒரு மாநிலத்தின் பதிவேட்டில் வாழ்ந்து இன்னொரு மாநிலத்தின் மொழியைப் பேசுவோர் அவர்கள். வேலை அட்டை, குடும்ப அட்டை, முதியோர் ஓய்வூதியம் என்று ஒவ்வொரு உரிமைக்கும் தம் விவரங்களை அரசிடம் ஒப்படைத்தார்கள். ஒப்படைத்த விவரம் எந்தக் கணினியில், எந்தக் கோப்புறையில், எவர் கண்ணுக்கு எட்டும்படி இருக்கிறது என்று அவர்களிடம் எவரும் சொன்னதில்லை.

2017 மே மாதம் பெங்களூருவின் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி நிறுவனம் வெளியிட்ட ஆய்வறிக்கையிலிருந்து தொடங்கலாம். அம்பர் சின்ஹாவும் ஸ்ரீநிவாஸ் கோடாலியும் எழுதியது அது. தேசிய சமூக உதவித் திட்டம், தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் ஆகிய இரு மத்தியத் திட்டங்களின் தளங்களையும், ஆந்திரப் பிரதேசத்தின் இரு தளங்களையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். நான்கிலுமாகச் சேர்த்து 13 கோடி முதல் 13.5 கோடி வரையிலான ஆதார் எண்களும், ஏறத்தாழ 10 கோடி வங்கிக் கணக்கு எண்களும் பொதுவெளியில் கிடைக்கும் நிலையில் இருந்திருக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. முதல் இரண்டும் நாடு தழுவிய திட்டங்கள். எருத்தேன்பதியில் நூறுநாள் வேலைக்குப் போன பெண்ணும், வட்டவடையில் கைம்பெண் ஓய்வூதியம் வாங்கிய மூதாட்டியும் பதிவு செய்யப்பட்டது இந்தத் தளங்களில்தான்.

அந்த அறிக்கையின் ஒரு விவரம் தனியே நினைவில் கொள்ளத்தக்கது. சமூக உதவித் திட்டத் தளத்தில் விவரங்கள் மறைக்கப்பட்டே காட்டப்பட்டன. ஆனால் பக்கத்தின் முகவரியில் ‘நோலாகின்’ என்றிருந்த சொல்லை ‘லாகின்’ என்று மாற்றி எழுதியவுடன் மறைப்பு விலகியது. கடவுச்சொல் கேட்கப்படவில்லை. ஈரெழுத்தை அழித்தால் திறக்கும் கதவு அது. ஓய்வூதியம் வாங்கும் முதியவர் வங்கியில் விரல் வைத்து, விரல் பதியாமல் திரும்பி, மறுநாள் மறுபடியும் வரவேண்டும். அவருடைய விவரத்தைத் தேடி வந்தவனுக்கோ முகவரிப் பட்டையில் ஒரு திருத்தம் போதுமாயிருந்தது.

அதற்கு ஆதார் ஆணையம் செய்தது என்ன? ஆய்வு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியது. இவ்விவரங்களை ஊடுருவல் இல்லாமல் எடுத்திருக்க முடியாது என்று கூறி, எடுத்தவர் யார் என்று கேட்டது. 2018 ஜனவரியில், ஆதார் விவரங்கள் சில நூறு ரூபாய்க்கு விற்கப்படுவதை வெளிப்படுத்திய ட்ரிப்யூன் நாளேட்டின் செய்தியாளர் ரச்னா கைரா மீது முதல் தகவல் அறிக்கை பதிவாகும் அளவுக்குக் காரியம் போனது. 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டம், 29(4)-ஆம் பிரிவில், ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடலாகாது என்று தெளிவாகவே சொல்கிறது. வெளியிட்டவை அரசுத் துறைகள்; வழக்கு, சுட்டிக்காட்டியவர் மீது. சட்டம் முதலில் வந்தபோது அதன்கீழ்ப் புகார் கொடுக்கும் உரிமைகூட ஆணையத்துக்கு மட்டுமே இருந்தது. தன் எண் வெளியானதற்குத் தானே புகார் செய்யும் உரிமை குடிமக்களுக்கு 2019-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகே கிடைத்தது.

இனி, பூட்டாயிற்று என்று சொல்லப்படும் அந்தப் பூட்டின் தரத்தையும் பார்க்க வேண்டும். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதன் உள்ளே எத்தனை நெம்புகோல் என்று செய்தவர் சொல்லிவிடுவார். இணையப் பூட்டின் உள்ளமைப்பை அலுவலகங்கள் சொல்வதில்லை. அது இரகசியமும் அன்று; கணினி இயக்குவோர் அனைவரும் அறிந்தது.

ஊரக வேலைத் திட்டத் தளத்தின் முகவரிகள் ‘ஏஎஸ்பிஎக்ஸ்’ என்று முடிந்தன. மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட் நுட்பத்தின் அடையாளம் அது. அந்நுட்பம் பெரும்பாலும் விண்டோஸ் வழங்கியில், ஐஐஎஸ் என்னும் மென்பொருளின் மேல் இயங்குவது. அங்கே ஒரு கோப்புறையைப் பூட்டுவதற்கு முறை உண்டு. அந்தக் கோப்புறைக்கு மட்டும் பெயரற்ற அணுகலை நிறுத்த வேண்டும். வருபவர் தம்மை அடையாளங்காட்டும் முறையை இயக்க வேண்டும். விண்டோஸில் அவரவர்க்கெனப் பயனர் கணக்கு உருவாக்கி, வட்டிலுள்ள கோப்புறையின் அனுமதிப் பட்டியலில் உரியவர் பெயரை மட்டும் வைக்க வேண்டும். கடவுச்சொல் செல்லும் வழி மறையாக்கப்பட்டிருக்க வேண்டும். ஏனென்றால் ‘பேசிக்’ எனப்படும் எளிய முறை கடவுச்சொல்லைப் பேஸ்64 என்ற எழுத்துமாற்றில் அனுப்புகிறது. அது இரகசிய மொழியன்று. எவரும் நொடியில் திருப்பிப் படிக்கக்கூடியது. மறையாக்கம் இல்லாத இணைப்பில் அப்படி அனுப்புவது, வீட்டுச் சாவியை அஞ்சலட்டையில் கட்டி அனுப்புவதற்கு ஒப்பாகும்.

இவற்றில் ஒன்று தவறினாலும் பூட்டு வெறும் படம்தான். அப்பாச்சி வழங்கியில் பழகியவர் ‘எச்டிஆக்சஸ்’ கோப்பை அப்படியே விண்டோஸ் வழங்கியின் கோப்புறையில் கொண்டுவந்து வைக்கிறார். ஐஐஎஸ் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. பூட்டியதாக அவர் நம்ப, கதவு திறந்தே கிடக்கிறது. இதனினும் நுட்பமான பொறி ஒன்று உண்டு. தளத்துக்கு நுழைவுப் படிவம் இருக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். ஆனால் அந்தக் காவல் நிரல் இயற்றும் பக்கங்களுக்கு மட்டுமே பொருந்தும்படி இயல்பமைவில் விடப்பட்டிருக்கும். அதே கோப்புறையிலுள்ள பிடிஎஃப் கோப்புகளையும் ஒளிப்படங்களையும் ஐஐஎஸ் நேரடியாகவே எடுத்துக் கொடுத்துவிடும். பயனாளியின் விண்ணப்பப் படிவமும் கைரேகை பதிந்த ஆவணமும் பெரும்பாலும் பிடிஎஃப்பாகவே இருக்கும் என்பதை இங்கே நினைக்க வேண்டும். முன்வாசலில் காவலர் நிற்கிறார்; பத்தாயத்தின் அடிவாய் திறந்திருக்கிறது.

கோப்புகளுக்கு 1, 2, 3 என்று வரிசையெண் இட்டு வைப்பது மற்றொரு கேடு. அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற சொத்துரிமைக் காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் முகவரியிலிருந்த எண்ணை மாற்றினால் அடுத்தவர் ஆவணம் வந்தது. ஏறத்தாழ 88.5 கோடி ஆவணங்கள் அவ்வாறு கிடந்ததை 2019 மே மாதம் உலகம் அறிந்தது. அதே ஆண்டு ஜனவரியில் பாரத ஸ்டேட் வங்கியின் குறுஞ்செய்திச் சேவைக்கான வழங்கி ஒன்று கடவுச்சொல்லே இல்லாமல் இருந்தது வெளிப்பட்டது. நாட்டின் மிகப்பெரிய வங்கிக்கே இந்நிலை. ஆகவே இது ஏதோ ஒரு மூலை அலுவலகத்துச் சிற்றெழுத்தரின் கவனக்குறைவு என்ற சமாதானம் நிற்காது.

விண்டோஸ்தான் குற்றவாளி, கட்டற்ற மென்பொருளுக்கு மாறினால் சரியாகிவிடும் என்ற வாதமும் கேரளத்தில் எளிதில் எழும். பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிக் காட்டிய மாநிலம் அது, அப்பெருமை உண்மையானது. எனினும் விண்டோஸ் வழங்கியிலும் முறையாகப் பூட்ட முடியும், லினக்ஸ் வழங்கியிலும் திறந்து போட முடியும். குறை கருவியில் இல்லை. எதைப் பூட்ட வேண்டும் என்ற அறிவு இல்லாததே குறை.

2020 ஏப்ரலில் எழுந்த ஸ்பிரிங்ளர் விவகாரம் இதற்குச் சான்று. கொரோனாத் தனிமையில் இருந்தோரின் உடல்நல விவரங்கள் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருளில் ஏற்றப்பட்டன. கேரள உயர்நீதிமன்றம் ஏப்ரல் 24 அன்று இடைக்கால ஆணையிட்டது: ஆளை அடையாளங்காட்டும் குறிப்புகளை நீக்கிய பின்னரே விவரங்களைத் தர வேண்டும், இனி எடுக்கும் விவரங்களுக்கு உரியவரின் ஒப்புதல் பெற வேண்டும். நல்ல ஆணை. ஆனால் அரசியல் மேடைகளில் நடந்த சண்டை பெரும்பாலும் வழங்கி எந்த நாட்டு நிறுவனத்தின் கையில் என்பதைப் பற்றியதாகவே இருந்தது. உள்நாட்டு வழங்கிக்கு வந்துவிட்டால், அதற்குள் இருக்கும் கோப்புறையை எத்தனை அலுவலர் எத்தனை பேருக்குப் பொதுவான ஒரே கடவுச்சொல்லால் திறக்கிறார்கள் என்ற கேள்வியை மேடைகள் எழுப்பவில்லை. அடுத்த வாரங்களில் வாளையாற்றிலும் குமுளியிலும் அனுமதிச் சீட்டுக்காகக் காத்து நின்றவர்கள் தங்கள் பெயர், தொலைபேசி எண், வீட்டு முகவரி அனைத்தையும் இணையதளத்தில் எழுதிக் கொடுத்தே உள்ளே வந்தார்கள். எல்லையைக் கடப்போருக்கு ஒப்புதல் என்பது தெரிவன்று, கடப்பதற்கான கட்டணம்.

இவ்வளவும் கேட்டபின் சிலர் வேறு எல்லைக்குப் போகிறார்கள். எல்லாவற்றையும் பூட்டிவிடுங்கள் என்கிறார்கள். திறந்து போடுவதற்குச் சற்றும் குறையாத தீங்கு இது. மலைத் தோட்டங்களின் வரலாறு அறிந்தவர்க்கு இது சொல்லாமலே விளங்கும். தேயிலைத் தோட்டத்தில் செக்ரோல் கங்காணியின் கையிலும் அலுவலக மேசையிலும் இருந்தது. பெயர் போட்டானா, அரைநாள் போட்டானா என்பது கூலி கைக்கு வரும் நாளில்தான் தெரியும். 2015 செப்டம்பரில் மூணாறு பெண்கள் சாலையில் அமர்ந்தது போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதற்கு எதிராக. இலாபம் குறைந்தது என்றது நிறுவனம். தொழிற்சங்கத் தலைவர்கள் நம்பிய அந்தக் கணக்கைப் பெண்கள் நம்பவில்லை. பெண்கள் ஒற்றுமை என்ற பெயர் அந்த அவநம்பிக்கையில் பிறந்தது. 2002 முதல் பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் கொக்கோகோலா ஆலைக்கு எதிரே பந்தலிட்டு அமர்ந்த எரவாளரும் மலசரும் கேட்டதும் இதுவே: நிலத்தடியிலிருந்து எவ்வளவு நீர் எடுக்கப்படுகிறது, உரம் என்று வயல்களுக்குக் கொடுக்கப்பட்ட கசடில் என்ன இருக்கிறது? பூட்டிய பேரேடு எப்போதும் வலியவன் பக்கமே நின்றிருக்கிறது.

ஊரக வேலைத் திட்டத்தின் வருகைப் பட்டியல் பொதுவில் வைக்கப்பட்டதும் தற்செயலன்று. 1994 டிசம்பரில் இராசத்தானின் கோட் கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் நடத்திய முதல் மக்கள் விசாரணையில் ஊராட்சிப் பணிகளின் கணக்கு ஊரார் முன்னிலையில் வாசிக்கப்பட்டது. அரசு இரகசியம் என்று அலுவலகங்கள் மறுத்துவந்த பட்டியல்களைத் திறக்க நடந்த அந்தப் போராட்டமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும், 2005-ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவிலுள்ள சமூகத் தணிக்கைக்கும் வித்திட்டது. யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி வழங்கப்பட்டது என்பது ஊர் அறிய வேண்டிய செய்தி. அவருடைய ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் ஊர் அறிய வேண்டாதவை. இரண்டையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த பத்திகளாக வைத்ததே முதற்குற்றம். திறந்தால் இரண்டும் திறக்கும். பூட்டினால் இரண்டும் மூடும். பிரித்து வைக்கும் உழைப்பை எவரும் மேற்கொள்ளவில்லை.

எளியவர்க்கு அந்தரங்கம் ஒரு பொருட்டன்று என்ற ஏளனத்துக்கும் விடை உண்டு. 2018-இல் தெலங்கானாவில் பத்திரப் பதிவுத் துறையின் தளத்தில் கிடைத்த ஆவணங்களிலிருந்து கைரேகைகளைப் படியெடுத்து, ரப்பரில் வார்த்து, பிறர் பெயரில் சிம் அட்டைகளை இயக்கிய வழக்கு பதிவானது. 2023-இல் கருநாடகத்தில் இத்தகைய பதிவுத்துறை ஆவணங்களின் கைரேகைகளைக் கொண்டு ஆதார்வழிப் பணம் எடுக்கும் முறையில் வங்கிக் கணக்குகள் சுரண்டப்பட்டன. அங்கே பணம் எடுக்கத் தேவையானவை ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் மூன்றே. தேயிலை கிள்ளித் தேய்ந்த விரலை, ஏலக்காட்டில் காய்த்துப்போன விரலைக் கருவி பலமுறை ஏற்க மறுக்கிறது. வார்த்தெடுத்த ரப்பர் விரலை ஏற்கிறது. கணக்கில் நாலாயிரம் ரூபாய் வைத்திருப்பவருக்கு நாலாயிரமும் போவது பெருஞ்செல்வர் இலட்சங்களை இழப்பதைவிடப் பெரிய இழப்பு. அந்தரங்கம் அவருக்கு மாதக் கடைசி அரிசி.

சட்டம் காக்கும் என்பார்கள். 2017 ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. ஆறு ஆண்டு கழித்து, 2023-இல், எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை எட்டாம் அட்டவணையின் எந்த மொழியிலும் படிக்க வழி வேண்டும் என்கிறது அது. தமிழ் அந்த அட்டவணையில் உண்டு; மகிழலாம். ஆனால் மானியமும் நலத்திட்டமும் வழங்க அரசு விவரம் எடுக்கும்போது ஒப்புதலே வேண்டியதில்லை என்று 7-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. ஒப்புதல் இல்லாத இடத்தில் அந்த அறிவிப்பும் இல்லை. கசிவு நேர்ந்தால் உரியவர் ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 8(6). எந்த மொழியில் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அட்டப்பாடியின் இருளருக்கும் முதுகருக்கும் குறும்பருக்கும், இடமலைக்குடியின் முதுவருக்கும் தாய்மொழி எட்டாம் அட்டவணையிலேயே இல்லை. 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்தது இடமலைக்குடி. தங்கள் பெயர் ஏறிய தளத்தை ஒருமுறையும் பார்த்திராதவர்களே அங்கே மிகுதி.

அச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. தரவைக் காக்கும் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) உட்பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்ற ஒரே காரணத்தால் எதையும் மறுக்க இடந்தரும் 44(3) மட்டும் உடனே நடைமுறைக்கு வந்தது. அவ்வுட்பிரிவிலிருந்த பொதுநல விதிவிலக்கு போயிற்று. 8(2)-இன் பொதுவான வாசகமே எஞ்சிய பிடிமானம். மேலும், கணினிக் கசிவுகளைக் கையாளும் செர்ட்-இன் அமைப்பு 2023 நவம்பரிலேயே தகவல் உரிமைச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டது. மக்களின் விவரத்துக்குப் போடவேண்டிய பூட்டுக்குத் தவணை. மக்கள் எட்டிப் பார்க்கும் சாளரத்துக்குப் போடும் பூட்டுக்கு அவசரம். எந்தப் பூட்டு யாருக்கு என்பதை இந்த இரண்டு தேதிகளே சொல்லிவிடுகின்றன.

செய்ய வேண்டியவை அரியவை அல்ல. பொதுவில் காட்ட வேண்டிய கூலிப் பட்டியலையும் காட்டக்கூடாத கணக்கு எண்ணையும் வெவ்வேறு தரவுத்தளங்களில் வைக்க வேண்டும். விண்ணப்பப் பிடிஎஃப்களை இணையதளக் கோப்புறைக்குள் வைக்கவே கூடாது. தளத்தின் வேருக்கு வெளியே வைத்து, கேட்பவர் யார் என்று நிரல் சரிபார்த்த பின்னரே எடுத்துத் தர வேண்டும். அலுவலகம் முழுமைக்கும் ஒரே கடவுச்சொல் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். ஒவ்வொரு அலுவலருக்கும் தனிக்கணக்கும், யார் எப்போது எதைத் திறந்தார் என்ற பதிவும் வேண்டும். வேலை முடிந்த விவரத்தை அழிக்க வேண்டும். இல்லாத கோப்பை எவரும் திருட முடியாது. திறந்து கிடப்பதைக் கண்டு நல்லெண்ணத்துடன் சொல்பவர் மீது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகள் பாயாதபடி வெளிப்படையான பாதுகாப்பு வேண்டும்.

எல்லைப்புறத்துக்கு மட்டுமே உரிய கோரிக்கை ஒன்றும் உண்டு. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் பகுதி அரசு அலுவலகங்களுடன் தம் மொழியிலேயே எழுதவும், தம் மொழியிலேயே விடை பெறவும் உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையை இணையதளத்தின் வாசலில் கழற்றி வைத்துவிட்டு நுழையும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆகவே என்னென்ன விவரம் எடுக்கப்பட்டது, யார் பார்க்கலாம், கசிந்தால் என்ன செய்யப்படும் என்பது தமிழில் எழுதப்பட வேண்டும். எழுத்து எட்டாத ஊர்களில் ஊர்க்கூட்டத்தில் அவர்கள் மொழியில் வாசிக்கப்பட வேண்டும். கோட் கிரானாவில் பட்டியல்கள் ஊர்முன் வாசிக்கப்பட்டது போலவே.

அதுவரை, கடவுச்சொல் போட்டாயிற்று என்று எந்தத் துறை அறிவித்தாலும், சித்தூரிலும் தேவிகுளத்திலும் உள்ளவர்கள் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: உள்ளே இருப்பது எங்கள் பெயர்; சாவி யாரிடம்?